தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு மதியச் சாப்பாடு

மரங்களால் ஊருக்கு என்ன பயன் என்று ஒரே ஒரு பக்கம் எழுதித் தரும்படி பழைய ஆபீஸ் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். ஏதோ கையேடு போடுகிறார்களாம். நான் வேலை பார்த்த நகராண்மைக் கழகத்துப் பூங்காப் பிரிவில் இப்போது எல்லாம் மாறிவிட்டது. மரத்தின் இடுப்பில் பெல்ட் கட்டி, வயர் மாட்டி, உள்ளே பொந்து இருக்கிறதா என்று திரையில் கலர் கலராகப் பார்க்கிறார்கள். கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுப்பது போல இருக்கிறது. போன மாதம் என்னை அழைத்துக் காட்டினார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

“அங்கிள், உங்க காலத்துல இதெல்லாம் எப்படிப் பாத்தீங்க?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“தட்டித்தான் பாத்தோம்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் தட்டிப் பார்த்ததும், அதற்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டதும் ஒரு பக்கத்தில் அடங்காது. அதனால் பக்கக் கணக்கு பார்க்காமல் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அவர்களே வெட்டிக்கொள்ளட்டும், அவர்களுக்குத்தான் அதில் பயிற்சி இருக்கிறதே.

கெடா மாநிலத்தில், கூலிமுக்கும் லூனாசுக்கும் பக்கத்தில்தான் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், பழைய பெரிய தலைகள் கோபித்துக்கொள்வார்கள். நான் தோட்டத்துப் பிள்ளை. ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்தார்கள், செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள், நாங்கள் டவுனுக்கு வந்தோம். கழகத்தில் முதலில் புல் வெட்டினேன், அப்புறம் கிளை வெட்டினேன், அலோர் ஸ்டாரில் ஒரு பயிற்சிக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தேன், அப்புறம் மேற்பார்வையாளர் ஆனேன். என் கல்வி வரலாறு இவ்வளவுதான்.

உண்மையில் ரம்பம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் பாக் டின். எங்கள் குழுவில் மரம் ஏறும் மலாய்க்காரர், வாயில் எப்போதும் ஒரு மிட்டாய். பெரிய கிளையை மூன்று வெட்டில்தான் இறக்க வேண்டும் என்பது அவர் போட்ட பாடம். ஒரே வெட்டாக மேலிருந்து அறுத்தால், பாதியிலேயே கிளை தன் பாரத்தில் ஒடிந்து, அடிமரத்துப் பட்டையையும் நீளமாக உரித்துக்கொண்டு விழும். ஆகவே, அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடியில் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் அறுப்போம். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து கீழாக இரண்டாவது வெட்டு. கிளை சுத்தமாக இறங்கிவிடும். மிஞ்சிய கட்டையை அறுக்கும்போதுதான் கவனம் வேண்டும். கிளை புறப்படும் இடத்தில் கழுத்துச் சதை மாதிரி ஒரு மடிப்பு இருக்கும். அதைத் தொடாமல், அதற்கு வெளியே ஒட்டி அறுக்க வேண்டும். அந்த மடிப்பிலிருந்துதான் மரம் புதுப் பட்டை விட்டுத் தன் காயத்தை மூடிக்கொள்ளும். அழகுக்காக அதையும் சேர்த்து வழித்துவிட்டால், அந்த இடம் ஆறவே ஆறாது.

எங்கள் பிரிவுக்குத் தலைமை அதிகாரியாகப் புவான் ரொஹானா வந்தது என் வேலையின் பிற்பகுதியில்தான். புவான் என்றால் மலாயில் மேடம். குள்ளமான மனுஷி. மரங்களைப் பற்றி வெளிநாட்டில் படித்தவர். அவர் மலாயில்தான் பேசுவார், நான் தமிழில் சொல்கிறேன். காரில் உட்கார்ந்தபடி ஜன்னலைத் திறந்து உத்தரவு போடுகிற அதிகாரிகளைப் பார்த்துப் பழகியிருந்த எங்களுக்கு, அவர் இறங்கி நடப்பதே அதிசயமாக இருந்தது. மரத்தை வலமாகச் சுற்றுவார். பிறகு இடமாகச் சுற்றுவார். அண்ணாந்து பார்த்துவிட்டு, என் கையிலிருக்கும் மரச்சுத்தியலைக் காட்டி, “தட்டுங்கள் மணியம்” என்பார். நான் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே போவேன். நல்ல மரம் ‘டக்’ என்று சொல்லும். உள்ளே அரித்த மரம் ‘தொம்’ என்று சொல்லும். பலாப்பழம் வாங்கப்போனவருக்கு இது புதிதல்ல.

ஆனால் அவருடைய முக்கியமான வழக்கம் அதற்குப் பிறகு வருவது. வேலை முடிந்ததும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அதே மரத்தடியில் உட்காருவார். “சாப்பிடலாமா?” என்று கேட்பார். குழுவில் எல்லாரும் உட்கார்ந்தாக வேண்டும். முதல் தடவை, பெண் அதிகாரி நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்று நான் நெகிழ்ந்துபோய் ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து நீட்டினேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது.

“நாம் உட்கார்ந்து சாப்பிடத் துணியாத மரத்தடியில் மற்றவர்களை நிற்க விடக்கூடாது, மணியம்” என்றார். கருவாட்டையும் எடுத்துக்கொண்டார்.

இனி அந்த மரத்துக்கு வருகிறேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பெரிய ரோட்டின் ஓரமாக ஒரு தூங்குமூஞ்சி மரம். மலாய்க்காரர்கள் அதை அஞ்சு மணி மரம் என்பார்கள். சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் இலையை மூடிக்கொண்டு தூங்கப் போய்விடும். அரசாங்க வேலைக்கு ஏற்ற மரம் என்று நாங்கள் கேலி செய்வோம். ஆனால் பகலில் அது செய்த வேலை எங்களில் யாரும் செய்யாதது. தொழிற்பேட்டைக்கு மத்தியான ஷிப்ட் போகும் பெண்கள் அத்தனை பேரும் கம்பெனி பஸ்ஸுக்காக அதன் கீழேதான் காத்திருப்பார்கள். தமிழ்ப் பெண்கள், மலாய்ப் பெண்கள், நேபாளத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அங்கே நின்று தலை வாரிக்கொள்வார்கள், குழம்பு மாற்றிக்கொள்வார்கள், சூப்பர்வைசரைத் திட்டுவார்கள். கல்யாணப் பேச்சுகூட அங்கே நடந்திருக்கிறது.

அந்தக் கூட்டத்துக்குச் செல்விதான் தலைவி. மின்சாதனத் தொழிற்சாலையில் லைன் லீடர். நாற்பது வயதிருக்கும். யாராவது வேலைக்கு வராவிட்டால் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுகிற ரகம்.

மரத்தில் அடையும் மைனாக்கள் கார்களை நாசம் செய்கின்றன என்று கடைக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். மரத்தை எடுத்துவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்யலாம் என்று மேலே பேச்சு எழுந்தது. இது நடந்தபோது புவான் ரொஹானா இன்னும் எங்கள் பிரிவுக்கு வந்திருக்கவில்லை. வேறு அதிகாரி. வெட்டச் சொல்லிவிட்டார். நாங்கள் லாரியோடு போய் இறங்கினால், மரத்தின் இடுப்பில் மஞ்சள் துணி. கீழே எலுமிச்சை குத்திய ஒரு சூலம்.

பாக் டின் அண்ணாந்து பார்த்தார். மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். “நான் ஏறமாட்டேன் லா, மணியம். இது உங்க ஆளுங்க சமாச்சாரம். நீ ஏறு” என்றார். நானா ஏறுவேன்? குழுவில் ஒருவரும் ரம்பத்தைத் தொடவில்லை. லாரி வந்த வழியே திரும்பியது. சில நாளில் கார் நிறுத்துமிடமும் வேறு பக்கம் போய்விட்டது.

துணி கட்டியது யாரென்று நான் விசாரிக்கவில்லை. பஸ்ஸுக்கு நின்றிருந்த செல்விதான் தானாகவே வந்து, “அம்மன் கனவுல வந்தாங்கண்ணே” என்றாள். முகத்தில் பக்தி பாதி, குறும்பு பாதி. வேம்பு இல்லை, அரசு இல்லை, தூங்குமூஞ்சியைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறாள் அம்மன். எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் நம் ஆட்கள் ஒரு சாமியைச் சும்மா இருக்க விடுவார்களா? சூலத்துக்குப் பக்கத்தில் ஒரு படம் வந்தது. படத்துக்கு ஒரு செங்கல் மேடை. வெள்ளிக்கிழமை பாலாபிஷேகம். வேர் இடுக்கில் கற்பூரம் ஏற்ற வசதியாக ஒரு குழி. லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஆறுமுகம் அண்ணன் பூசாரி ஆனார். ஹார்ட்வேர் கடைக்காரர் ஒருவர் நேர்த்திக்கடனாகச் சிமெண்டு கொட்டி, மரத்தைச் சுற்றி வெள்ளை டைல்ஸ் பதித்து, உபயம் என்று தன் பெயரையும் பெரிதாகப் போட்டுக்கொண்டார். டைல்ஸ் அடிமரம் வரை போய் ஒட்டிக்கொண்டு நின்றது. வேருக்கு ஒரு சொட்டு மழை இறங்க வழியில்லை. கழகம் கண்டும் காணாமல் இருந்தது. கோயில் விஷயத்தில் யார் கை வைப்பது?

புவான் ரொஹானா வந்த வருஷம் அந்த மரத்தின் உச்சிக் கிளைகளில் இலை மெலிந்தது. அப்புறம் ஒரு நாள் மத்தியானம், காற்றும் இல்லை மழையும் இல்லை, தொடை தடிமனுக்கு ஒரு கிளை விழுந்தது. நிறுத்தியிருந்த ஒரு மோட்டார் சைக்கிள் அப்பளமாகிவிட்டது. பெண்கள் அப்போதுதான் பஸ் ஏறியிருந்தார்கள். பஸ் ஜன்னல் வழியாக அவர்கள் அதைப் பார்த்தார்கள்.

புவான் உடனே வந்தார். வலமாகச் சுற்றினார். டூடோங் முக்காடு போட்ட பெண் அதிகாரி அம்மனைச் சுற்றுவதைப் பார்த்து அங்கிருந்த ஒரு அம்மாள் பரவசப்பட்டு, கற்பூரத் தட்டைக் கொண்டுவந்து நீட்டிவிட்டார். புவான் சிரித்தபடி கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்துவிட்டு, இடமாகச் சுற்றப் போனார். பின்பக்கத்தில், கற்பூரக் குழிக்கு மேலே பட்டை கருகி வெடித்திருந்தது. அதில் தட்டுத் தட்டாகக் காளான்.

“தட்டுங்கள் மணியம்.”

தட்டினேன். டக், டக், டக். கருகிய பக்கம் வந்ததும் தொம். அதற்கு மேலே தட்டினேன். அங்கேயும் தொம்.

அவர் காரிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து வந்தார். டைல்ஸ் மேல் வைத்தார். “சாப்பிடலாமா?” என்றார்.

நான் மேலே பார்த்தேன். “எனக்குப் பசியில்லை, புவான்” என்றேன்.

அவர் டப்பாவை மூடினார். மரம் விழுந்தால் அந்தப் பெண்கள் தலையில்தான் விழும். வெட்டினால் அந்தப் பெண்களுக்குத்தான் இடமில்லை. இரண்டு பக்கமும் அவர்களே நின்றார்கள்.

“இந்த மஞ்சள் துணி நம்மிடமிருந்து மரத்தைக் காப்பாற்றியது. இப்போது மஞ்சள் துணியிடமிருந்து யார் காப்பாற்றுவது?” என்று கேட்டார். பிறகு தன் முடிவைச் சொன்னார். சிமெண்டு முழுதும் போக வேண்டும். மேல் கிளைகளை வெட்டித் தலைப்பாரத்தைக் குறைக்க வேண்டும். சுற்றி வேலி போட்டு யாரையும் நெருங்க விடக்கூடாது. அடுத்த வறட்சி முடிந்து புதுத் தளிர் நிறைய வந்தால் மரம் நிற்கும். வராவிட்டால் அவரே நின்று வெட்டுவார். “ஆனால் கோயில் மேல் நான் கை வைக்க மாட்டேன். அது உங்கள் வீடு. நீங்கள் பேசுங்கள்” என்றார்.

மறுநாள் மத்தியானமே பேசப் போனேன். செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அம்மனுக்கே நோட்டீஸ் ஒட்ட வந்துட்டீங்களாண்ணே? அன்னிக்கு ரம்பம், இன்னிக்கு சுத்தியலா?”

“நீயே தட்டிப் பாரும்மா” என்று சுத்தியலை அவள் கையில் கொடுத்தேன். முன்பக்கம் தட்டினாள். டக். “நல்லாத்தானே இருக்கு?” என்றாள். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். கருகிய இடத்தில் தட்டினாள். தொம். மறுபடியும் தட்டினாள். தொழிற்சாலையில் நாள் முழுக்கச் சின்னச் சின்னப் பொருளைச் சோதித்துப் பழகிய கை அது. வித்தியாசம் அவளுக்கு விளக்க வேண்டியதாக இல்லை.

“இது எப்படிண்ணே ஆச்சு?”

கற்பூரம், பால், சிமெண்டு என்று சொன்னேன். அவள் மஞ்சள் துணியைத் தொட்டுக்கொண்டு நின்றாள். பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை.

“காப்பாத்துறேன்னு நெனச்சுத்தாண்ணே கட்டினேன்” என்றாள். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு மனசு தாங்கவில்லை. அவளைத் திட்ட யாருக்கும் உரிமையில்லை. அவள் கட்டியது ஒரு முழத் துணி மட்டும்தான், மற்றதெல்லாம் ஊரே சேர்ந்து செய்தது.

ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் கூட்டம் போட்டோம். ஆறுமுகம் அண்ணன் ஒரே பிடியாக நின்றார். “உக்காந்த சாமிய எழுப்பக் கூடாது. எழுப்பினா குடும்பம் வெளங்காது. உங்க ஆபீஸ் பெரியம்மாகிட்ட போய்ச் சொல்லு மணியம்.” உபயக்காரர் டைல்ஸ் விலையைச் சொல்ல ஆரம்பித்தார். நான் வேர், காற்று, ஈரம் என்று என்னென்னவோ பேசிப் பார்த்தேன். கூட்டம் என்னைக் கழகத்து ஆளாகத்தான் பார்த்தது.

அப்போது செல்வி எழுந்தாள். “சித்தப்பா, பெரிய கோயில்ல திருப்பணின்னா என்ன செய்யுறோம்?”

“பாலஸ்தாபனம் பண்ணுவோம்” என்றார் ஆறுமுகம் அண்ணன். சாமியின் சக்தியைக் கலசத்தில் இறக்கி, வேலை முடியும்வரை வேறு இடத்தில் வைத்துப் பூசை செய்வது. இது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரிந்ததுதான்.

“அப்போ அது எழுப்புறது இல்லையா?”

“அது வேற லா. அது முறையா செய்யுறது. கோயில் கட்டடத்துல வேலை இருக்கும்போது…”

“நம்ம அம்மாவுக்கு எது சித்தப்பா கோயில் கட்டடம்? இந்த டைல்ஸா, இந்த மரமா?”

ஆறுமுகம் அண்ணன் மரத்தைப் பார்த்தார், டைல்ஸைப் பார்த்தார்.

“கோயிலு விரிசல் விட்டுருச்சு. திருப்பணி செய்யணும்” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் காலமெல்லாம் கூட்டங்களில் உட்கார்ந்தவன், இப்படி ஒரு தீர்மானம் நிறைவேறிப் பார்த்ததில்லை. நல்ல நாள் பார்த்து, மேளம் வைத்து, அம்மனை மஞ்சள் துணியோடு ரோட்டுக்கு எதிர்ப்புறம், பஸ் நிற்கும் தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மர மாடத்தில் வைத்தார்கள். டைல்ஸில் முதல் அடி போட்டவர் ஆறுமுகம் அண்ணன். உபயக்காரர் தன் பெயர்ப் பலகையை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்.

சிமெண்டுக்குக் கீழே மண் கல்லாக இறுகி, புளித்த பால் வாடை அடித்தது. மண்வெட்டி போடாமல் சின்னத் தோட்ட முள்கரண்டியால் வேர் அறுபடாமல் கிளறினோம். மரத்தூளும் சருகும் பரப்பினோம். மஞ்சள் துணி இல்லாததால் பாக் டின்னும் ஏறினார். ஏறுவதற்கு முன்னால் எதிர்ப்புறத்து மாடத்தைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். நான் கேட்டதற்குக் கழுத்து வலி என்றார். கிளைக்கு மூன்று வெட்டாக, அவசரமே படாமல், தலைப்பாரத்தைக் குறைத்தோம். வேலி போட்டோம்.

அதற்கப்புறம் அந்தப் பெண்கள் எதிர்ப்புறம் தகரக் கொட்டகையில் நின்றார்கள். கெடா வெயில் உங்களுக்குத் தெரியும். மேலே தகரம், கீழே தார். கொட்டகையில் பாதிப் பேருக்குத்தான் இடம். குடை பிடித்தார்கள், துண்டை நனைத்துத் தலையில் போட்டார்கள். ஒரு பெண் மயங்கி விழுந்தாள். தலை வாருவது, குழம்பு மாற்றுவது எல்லாம் நின்றுபோனது. ஆளுக்கொரு பக்கம் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்வி காதுபடவே பேசினார்கள்: “சாமியையும் எழுப்பிட்டா, நிழலையும் தொலைச்சிட்டா.” நான் மோட்டார் சைக்கிளில் கடக்கும்போது, வாய்க்கு வாய் கொடுக்கும் செல்வி வேலியைப் பார்த்துக் கையை மட்டும் விரிப்பாள். நானும் கையை விரிப்பேன். வறட்சி வந்து, இருந்த இலையும் கொட்டியது. அந்த மாதங்களில் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

மழை திரும்பிய வாரம் பாக் டின் ஆபீஸுக்குள் வந்தார். என் மேஜைமேல் ஒரு சின்னக் கொழுந்தை வைத்தார். “தானா உதிர்ந்ததுதான், நான் பறிக்கல” என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். வெட்டிய ஒவ்வொரு இடத்துக்குப் பக்கத்திலும் தளிர்.

புவானுக்கு அலோர் ஸ்டாருக்கு மாற்றலாகியிருந்தது. போவதற்கு முன் கடைசியாக வந்தார். மத்தியான ஷிப்ட் நேரம். எதிர்ப்புறம் பெண்கள் நின்றார்கள். வலமாகச் சுற்றினார், இடமாகச் சுற்றினார். கருகிய இடத்தைச் சுற்றிப் புதுப் பட்டை உதடு மாதிரி தடித்து வளர்ந்திருந்தது. “தட்டுங்கள்” என்றார். தட்டினேன். முன்பு தொம் என்ற மேல் இடம் இன்னும் தொம் என்றுதான் சொன்னது. அரித்தது அரித்ததுதான், திரும்பி வராது. ஆனால் அதைச் சுற்றி டக், டக் என்று சுவர் கெட்டியாக நின்றது. “மூங்கிலும் உள்ளே ஒன்றுமில்லாமல்தான் நிற்கிறது” என்றார் அவர். மேலே பாரமும் குறைந்திருந்தது.

வேலியைத் திறந்து உள்ளே போனார். டப்பாவை எடுத்தார். “சாப்பிடலாமா, மணியம்?”

காற்று வீசியது. மேலே கிளைகள் அசைந்தன. எதிர்ப்புறம் போனைப் பார்த்தவர்கள்கூட எங்களைப் பார்த்தார்கள். நான் மூன்று வெட்டு ஒவ்வொன்றையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சுவர் எத்தனை கெட்டி என்று பார்த்தேன். பிறகு கீழே உட்கார்ந்து, என் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன். உண்மையாகவே பசித்தது.

பாக் டின் மிட்டாயைத் துப்பிவிட்டு உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் சாப்பிட ஆரம்பித்தோம்.

செல்வி ரோட்டைக் கடந்து தனியாக வந்தாள். வேலி வாசலில் நின்று என் பொட்டலத்தை எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணே இது? வெறும் தயிர் சாதமா? ஊறுகா இல்லாம எப்படி எறங்கும்?”

பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின. ஒருத்தி, அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் கூட்டமாக, எல்லாரும் ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள்.